பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் மீது சந்தேகம் வரும்போது



ஒரு தலைமுறைக்கு முன்பு நம் பொம்மிடியில் கைக்குழந்தையை வெளியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் மிகக் குறைவு. பாட்டியோ பெரியம்மாவோ வீட்டில் இருப்பார்கள். இன்று நிலைமை வேறு. கணவர் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். மனைவி பள்ளிக்கூடத்துக்கோ, ஜவுளிக்கடைக்கோ, சேகோ ஆலைக்கோ, காலை ரயிலைப் பிடித்துச் சேலத்துக்கோ போகிறார். பிள்ளை பால்வாடியில் இருக்கிறது, அல்லது பிளே ஸ்கூலில் இருக்கிறது, அல்லது நாலைந்து குழந்தைகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆயாம்மாவிடம் இருக்கிறது.

இந்த மாதப் பாடத்திற்கு இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம், தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு கேள்விதான். "ஆயாம்மா பக்கத்தில் போனால் ஒரு வாடை வருகிறது." "பட்டப்பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்." "மெடிக்கலில் ஏதோ மாத்திரை அடிக்கடி வாங்குகிறார்." இப்படி ஆரம்பித்து, கடைசியில் இரண்டு பயங்களைச் சொல்கிறார்கள். வெளியில் சொன்னால் கீபத் ஆகிவிடுமோ, ஓர் ஏழைப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்ட பாவம் வந்துவிடுமோ என்பது ஒன்று. சொல்லாமல் விட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான பயங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதால்தான் இப்படிப்பட்ட விஷயங்கள் கெட்டுப்போகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிள்ளையைப் பிறரிடம் சம்பளம் கொடுத்து ஒப்படைப்பது நம் மார்க்கத்தில் குறை இல்லை. சூரா அல்பகராவின் 233ஆவது வசனம், குழந்தைக்கு வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்ட விரும்பினால் குற்றமில்லை என்கிறது. கொடுக்க வேண்டியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. நம் நபி (ஸல்) அவர்களே ஹலீமா ஸஃதிய்யா (ரலி) அவர்களிடம் வளர்ந்தவர்கள்தாம். ஆகவே "வேலைக்குப் போன தாய்க்கு இது வேண்டும்" என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் வாயை அடக்கிக்கொள்ளலாம்.

நம் ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களில் பாலூட்டும் தாதியை வேலைக்கு அமர்த்துவது பற்றித் தனிப் பேச்சே உண்டு. அவர் நோயுற்றாலோ, குழந்தையின் நலன் கெடும் அளவுக்கு அவருடைய நடத்தை வெளிப்படையாகக் கெட்டுப்போனாலோ, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளக் குடும்பத்தாருக்கு உரிமை உண்டு. குழந்தை வளர்ப்புரிமையான ஹிளானத் பற்றிப் பேசும்போது இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) ஒரு நுட்பத்தைச் சொல்கிறார்கள். வளர்ப்பவரிடம் ஏதோ ஒரு பாவம் இருக்கிறது என்பதற்காகவே பிள்ளையைப் பிரித்துவிட முடியாது. அந்தப் பாவத்தால் பிள்ளை கவனிப்பாரற்றுப் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு நுட்பத்தின் மேல்தான் நிற்கிறது. நம் முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. "இவர் போதை பழக்கம் உள்ளவரா?" என்பது ஒரு கேள்வி. "இன்று இந்த நேரத்தில் இவரிடம் என் பிள்ளை பத்திரமாக இருக்குமா?" என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்வது தாய் தந்தையின் வேலையும் இல்லை, அண்டை வீட்டாரின் வேலையும் இல்லை. அதற்கு மருத்துவர் இருக்கிறார், தேவைப்பட்டால் சட்டம் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அன்றைக்கே பதில் காண வேண்டியது நம் கடமை. ஏனென்றால் பிள்ளை நம்மிடம் உள்ள அமானிதம். நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் எல்லோரும் அறிந்ததே.

ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல நிறைய ஆதாரம் வேண்டும். ஒரு நாள் குழந்தைகளின் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று சொல்ல அவ்வளவு வேண்டியதில்லை. கண் சொருகிய நிலையில் இருக்கும் டிரைவரின் வண்டியில் ஏற மறுக்கிறோம். அவர் குடித்தாரா, ராத்திரி முழுக்க வண்டி ஓட்டினாரா, மாத்திரை சாப்பிட்டாரா என்று நிரூபித்த பிறகா மறுக்கிறோம்?

வாடை மட்டும் போதுமா?

அதிகம் வரும் சந்தேகம் வாடையைப் பற்றியது என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு பெரும் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு, தண்டனை கேட்டு மாஇஸ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அப்போது நபி (ஸல்) அவர்கள் முதலில் கேட்டது, இவருக்குப் புத்தி பேதலிப்பு ஏதும் உண்டா என்று. இல்லை என்றார்கள். அடுத்து, இவர் மது அருந்தியிருக்கிறாரா என்று கேட்டார்கள். ஒருவர் எழுந்துபோய் அவருடைய வாயை முகர்ந்து பார்த்து, மதுவின் வாடை இல்லை என்று சொன்னார். இந்த வரிசையைக் கவனியுங்கள். நோய் உண்டா என்ற கேள்வி முதலில், போதையா என்ற கேள்வி அதற்குப் பிறகு. அதுவும் ஊகத்தால் அல்ல, நேரடியாகச் சோதித்து.

பிற்கால இமாம்கள் இதை இன்னும் ஆராய்ந்தார்கள். ஒருவரின் வாயில் மது வாடை வந்தால் அதை வைத்தே தண்டனை கொடுக்கலாமா என்ற கேள்வியில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கொடுக்கலாம் என்கிறார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் வாடை மட்டும் போதாது. தெரியாமல் குடித்திருக்கலாம், பிறர் கட்டாயப்படுத்தியிருக்கலாம், வேறு ஏதோ ஒன்றின் வாடையாகவும் இருக்கலாம் என்று காரணம் சொல்கிறார்கள். பிரயோகசாலைகள் இல்லாத காலத்தில் இவ்வளவு நிதானம் காட்டியிருக்கிறார்கள்.

நம் ஊர் நிலவரத்தில் அந்த "வேறு ஏதோ ஒன்று" என்னென்னவாக இருக்கலாம்? பிரசவித்த பெண்களுக்கு நாமே வாங்கிக் கொடுக்கும் தசமூலாரிஷ்டத்தில், அது புளித்துத் தயாராகும்போதே தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. பாட்டில் லேபிளிலேயே போட்டிருக்கும். உடம்பு வலிக்கு அரிஷ்டம் குடிக்கும் பெண்கள் நம் தெருக்களில் நிறைய உண்டு. (அது ஆகுமா ஆகாதா என்பது தனி மஸ்அலா, ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) கையில் தேய்க்கும் சானிடைசரிலும், சில வகை வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு. சர்க்கரை மிகவும் ஏறிப்போனவரின் மூச்சில் அழுகிய பழம் போல ஒரு வாடை வரும். கணவர் குடிகாரராக இருந்தால் சேலையில் அந்த வாடை ஒட்டியிருப்பதும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு அதற்கு மேல் ஒரு பழி தேவையில்லை.

நடை தள்ளாடுவதும் பேச்சுக் குழறுவதும் அப்படித்தான். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், சம்பந்தம் இல்லாமல் பேசுவார். பார்ப்பவர்களுக்கு அசல் குடித்தவரைப் போலவே இருக்கும். அந்த நேரத்தில் "குடித்திருக்கிறாயா" என்று அதட்டுவதை விட, நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது உயிரைக் காப்பாற்றும். வலிப்பு நோய்க்கும் மனநோய்க்கும் கொடுக்கும் மாத்திரைகள், சளிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் கூடத் தூக்கத்தைக் கொண்டுவரும். பக்கவாதத்தின் ஆரம்பத்திலும் பேச்சுக் குழறும். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அர்த்தம், பயம் வேண்டாம் என்பதல்ல. உண்மையிலேயே போதையாகவும் இருக்கலாம். பெண்கள் என்றால் இருக்காது என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் ஹான்ஸ், கூல் லிப் பொட்டலங்கள் எங்கே கிடைக்கின்றன என்று சிறு பையன்களுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. மூட்டு வலிக்கு என்று ஆரம்பித்து வலி மாத்திரையையே விட முடியாமல் போனவர்கள், தூக்க மாத்திரை இல்லாமல் கண் மூடாதவர்கள், நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். புகையிலை போதை தராது, பரவாயில்லை என்றும் நினைக்காதீர்கள். பெரியவர் வாயில் அடக்கிக்கொள்ளும் ஒரு பொட்டலத்தை ஒன்றரை வயதுக் குழந்தை எடுத்து மென்றால் அது விஷம். ஆகவே எந்த டே கேரிலும் பணியாளர்களின் பைகள் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கின்றனவா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். இதற்குச் சந்தேகம் எதுவும் வரத் தேவையில்லை.

எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது

சந்தேகம் வந்த பிறகு சிலர் துப்பறியும் வேலையில் இறங்கிவிடுகிறார்கள். ஆயாம்மா குளியலறைக்குப் போன நேரத்தில் பையைத் துழாவுவது, பின்னாலேயே போய் எந்தக் கடையில் நிற்கிறார் என்று பார்ப்பது, மூத்த பிள்ளையிடம் "அவங்க என்ன சாப்பிடுறாங்கனு பார்த்து வந்து சொல்லு" என்று அனுப்புவது. கடைசியில் சொன்னது மிகவும் மோசம். அந்தப் பிள்ளை நாளெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துச் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவைச் சுற்றி வரும்போது ஒரு வீட்டிலிருந்து சத்தம் கேட்டு, சுவரேறிக் குதித்து உள்ளே போனார்கள். அங்கே மதுவோடு இருந்த மனிதர், "நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று" என்ற கருத்தில் பதில் சொன்னார். துருவித் துருவி ஆராய வேண்டாம் என்றும், வீடுகளுக்கு வாசல் வழியாக வாருங்கள் என்றும், அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழையுங்கள் என்றும் அல்லாஹ் கட்டளையிட்ட மூன்றையும் மீறிவிட்டீர்கள் என்றார். உமர் (ரலி) அவர்கள் அவரை மன்னித்துவிட்டுத் திரும்பினார்கள். கலீஃபாவுக்கே இல்லாத உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

ஆனால் துருவுவது வேறு, கண் முன்னால் நடப்பதைக் கவனிப்பது வேறு. பிள்ளையை விடும்போதும் கூட்டி வரும்போதும் தெரிவதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்பது மட்டும். "குடித்திருந்தார்" என்று எழுதாதீர்கள், அது உங்கள் முடிவு. "சாயங்காலம் 4:20க்குப் போனேன். மூன்று முறை கூப்பிட்ட பிறகே கண் திறந்தார். பிள்ளைகள் நால்வர் வாசற்கதவு திறந்திருந்த அறையில் தனியாக இருந்தார்கள். என் மகனின் பெயரை மாற்றிச் சொன்னார்" என்று எழுதுங்கள். இது சாட்சியம். நாளை அவர் உடல்நலம் இல்லாதவர் என்று தெரியவந்தாலும் இதில் எழுதியது எதுவும் பொய்யாகாது, அவருக்கு அவதூறும் ஆகாது. நேரம் சொல்லாமல் ஒரு நாள் முன்கூட்டியே போய்ப் பார்ப்பதிலும் தவறில்லை. பெற்றோர் எந்நேரமும் வரலாம் என்று அனுமதிக்காத இடத்தில் பிள்ளையைச் சேர்க்கவே யோசிக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிய வைத்திருக்கும் சிசிடிவியும் ஒற்று வேலை ஆகாது.

பிள்ளையையும் கவனியுங்கள். வழக்கத்துக்கு மாறாகப் பசியோடு வருகிறதா, காலையில் கட்டிய டயப்பரோடே மாலையில் வருகிறதா, அந்த வாசலைக் கண்டாலே கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறதா, காயம் இருக்கிறதா, காரணம் சரியாகச் சொல்கிறார்களா.

யாரிடம் சொல்வது

இங்கேதான் கீபத் என்ற பயம் வருகிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறரின் குறையைப் பேசுவது ஆகுமான ஆறு இடங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவது, தவறைத் தடுக்க உதவி கேட்பது, தீங்கிலிருந்து பிறரை எச்சரிப்பது ஆகியவை அவற்றில் அடக்கம். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் பொருள் வசதி இல்லாதவர், மற்றவர் கம்பைத் தோளிலிருந்து இறக்காதவர் என்று நபியவர்கள் பட்டென்று சொன்னார்கள். இருவருமே ஸஹாபாக்கள். கேட்டவருக்கு அந்தத் தகவல் தேவை, அதனால் சொன்னார்கள். தேவையான அளவுக்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். வேறொரு டே கேர் நடத்துபவர் உங்களிடம் வந்து, "இவர் உங்களிடம் வேலை பார்த்தாராமே, எப்படி?" என்று கேட்டால், பாவம் என்று மழுப்பி "நல்லவர்தான்" என்று அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். மற்றொன்று, இந்த அனுமதி தேவை உள்ளவரிடம் சொல்வதற்கு மட்டும்தான். தண்ணீர்க் குழாயடிக்கும், கல்யாண வீட்டுப் பந்திக்கும், முக்கியமாக மஹல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தாது. "குடிக்கிறாள்" என்று காலையில் கிளம்பும் பேச்சு மாலைக்குள் "அவள் நடத்தையே சரியில்லையாம்" என்று ஆகிவிடும். ஒரு பெண்ணின் கற்பைப் பற்றி நாலு சாட்சி இல்லாமல் பேசுவதற்கு சூரா அந்நூர் 4ஆவது வசனத்தில் என்ன தண்டனை சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அனுப்பும் முன் படித்துப் பாருங்கள். நாட்டின் சட்டத்திலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை உண்டு. ஆயாம்மா எந்த மதத்தவராக இருந்தாலும் இதெல்லாம் ஒன்றுதான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைகூட நீதி தவறச் செய்யக் கூடாது என்று அல்மாயிதா 8ஆவது வசனத்தில் ஓதுகிறோம். இங்கே பகையும் இல்லை, நம் பிள்ளைக்குச் சோறூட்டிய கை அது.

ஆகவே நேராக டே கேர் நடத்துபவரிடம் போங்கள். பால்வாடி என்றால் முதலில் பணியாளர் அம்மாவிடமும், அவரைப் பற்றியே புகார் என்றால் வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்திலும் சொல்லலாம். தனியாகப் போவதை விட, அதையே நேரில் பார்த்த இன்னொரு தாயோடு போவது நல்லது. பிள்ளைகள் எதிரிலும், ஆயாம்மாவை நிற்க வைத்தும் பேசாதீர்கள். "அக்கா, நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. இந்த மூன்று நாளில் நான் பார்த்ததை எழுதியிருக்கிறேன். அவங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையோ என்னவோ. தெரியும் வரைக்கும் பிள்ளைங்களோட தனியா விடாதீங்க" என்று சொன்னால், கேட்பவருக்கும் கோபம் வராது, செய்ய வேண்டியதும் விளங்கும்.

அவர் "சரி, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே நிலை என்றால், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வார சம்பளம் போகும், மேலதிகாரி முகம் சுளிப்பார். தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த வாரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத குடும்பங்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் சொன்னால், மஹல்லாவில் முன்வரும் சகோதரிகளைக் கேட்டுப் பார்க்கிறோம்.

டே கேர் நடத்தும் சகோதரிகளும் இதைப் படிக்கிறீர்கள். புகார் வந்த உடனே, விசாரணை முடியும் முன்பே, அந்தப் பணியாளரைக் குழந்தைகளிடமிருந்தும் அடுப்பிடமிருந்தும் அன்றைக்கு விலக்கி வையுங்கள். அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அது தண்டனை ஆகிவிடும். மயக்கமாக இருப்பவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அவர் வீட்டாரை வரச் சொல்லி ஒப்படையுங்கள். மறுநாள் தெளிவாக இருக்கும்போது கதவைச் சாத்தி மரியாதையாகக் கேளுங்கள். என்ன மருந்து சாப்பிடுகிறார், சர்க்கரை உண்டா, வீட்டில் என்ன கஷ்டம். மருத்துவரிடம் காட்டி, வேலைக்குத் தகுதி என்று எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம், பன்னிரண்டு பிள்ளைகளோடு ஒரே ஒருவரை எட்டு மணி நேரம் விட்டிருந்தால் குறை அவரிடம் மட்டும் இல்லை. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்.

பிள்ளை அதிகமாகத் தூங்கினால்

இதுவரை பேசியது பணியாளர் தாமே எதையாவது உட்கொள்வதைப் பற்றி. அதைவிடப் பயங்கரமானது, பிள்ளைக்குக் கொடுப்பது. இது புதிதல்ல. நூறு வருடத்துக்கு முன் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைக்குப் போன தாய்மார்கள், பிள்ளை அழாமல் கிடக்க வேண்டும் என்று அபின் கலந்த சிறு உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'பாலகோலி' என்று அதற்குப் பெயர். 1920களில் அங்கே ஆய்வு செய்த டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவர் இந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை எழுதி வைத்தார். 1931இல் அறிக்கை தந்த தொழிலாளர் நல ராயல் கமிஷன் ஆலைகளில் குழந்தைகள் அறை வேண்டும் என்று பரிந்துரைத்தது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் அறை கட்டாயம் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவந்தது என்றால், அதன் பின்னால் அந்த அபின் உருண்டைகளும் இருக்கின்றன. அந்தத் தாய்மார்கள் கொடியவர்கள் அல்லர், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள்.

இன்று அபினுக்குப் பதில் சளி சிரப். தூங்க வைப்பதற்காக அரை மூடி ஊற்றிவிடுவது சிலர் வீட்டிலேயே நடக்கிறது. குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் பிள்ளைகள் இறந்த கோல்ட்ரிஃப் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானதுதான். அது கலப்பட விஷயம், இருந்தாலும் சிரப் என்றால் சாதாரணம் என்ற எண்ணம் போகட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மருத்துவர் சீட்டும், உங்கள் கையெழுத்தும் இல்லாமல் எந்த மருந்தும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று டே கேரில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி, எழுப்பினாலும் சரியாக எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால், யார் கொடுத்தது என்று சண்டை போட அது நேரமில்லை. 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கத்தில் கிடக்கும் பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அது தேவை. மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குப் போதைப்பொருளோ மதுவோ புகையிலையோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆவது பிரிவில் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல். குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் பணியில் இருப்பவரே கொடுமை செய்தாலோ கவனிக்காமல் விட்டுத் துன்பம் விளைவித்தாலோ 75ஆவது பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரை, அபராதம் ஐந்து லட்சம் வரை.

இந்த நிலையிலும், பிள்ளையின் உடம்பில் காயம் கண்ட நிலையிலும், டே கேர் நடத்துபவரிடம் பேசிப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. 2016 நவம்பரில் நவி மும்பை கார்கரில் ஒரு டே கேரில் பத்து மாதக் குழந்தையை ஆயா அடித்து உதைத்த செய்தி நாடெங்கும் பரவியது. பெற்றோர் காயத்தைப் பார்த்து, மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் போனதால்தான் சிசிடிவிப் பதிவு வெளியே வந்தது. அங்கே போதை என்ற பேச்சே இல்லை. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், காரணம் என்ன என்பதற்கு முன் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, அவசர எண் 112. யார் பேசுகிறார்கள் என்று வெளியே சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன வழி

பழக்கம் இருப்பது உறுதியானது என்று வைத்துக்கொள்வோம். அடிக்கடி மது அருந்திப் பிடிபட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொன்னதாகப் புகாரியில் வருகிறது. அவர் செய்தது சரி என்று நபியவர்கள் சொல்லவில்லை, தண்டனையும் நடந்தது. ஆனால் அவரை விட்டுவிடவில்லை.

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாலு பெரியவர்கள் கூடி, குர்ஆன் மேல் கை வைத்து "இனிமேல் தொட மாட்டேன்" என்று சத்தியம் வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போவது. நீண்ட நாள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம், அதற்கடுத்த நாட்களில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் தூக்க மாத்திரை சாப்பிட்டவருக்கும் இதே ஆபத்து. ரமலான் முதல் பிறையன்று நல்ல நிய்யத்தோடு நிறுத்தியவர்களுக்கும் இப்படி ஆகும். வீட்டார் ஜின் என்று நினைத்துவிடுகிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். தவ்பாவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. போதை மீட்புக்கான இலவச தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழ்நாடு சுகாதாரத் துறை எண் 104. 2025இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. நமக்கு அருகில் உள்ளது எது என்று 104இல் கேட்டுக்கொள்ளலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டலாம்.

தேறி வந்தவரைத் திரும்ப வேலையில் வைப்பதா என்பது டே கேர் நடத்துபவரும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. என் கருத்து, மருத்துவர் எழுத்து மூலம் சொன்ன பிறகும் முதல் சில மாதங்கள் குழந்தைகளோடு தனியாக விடாமல் துணை வேலையில் வைக்கலாம். அந்தப் பொறுப்பை ஏற்க ஆளில்லாத சிறிய இடம் என்றால் வேறு வேலைக்கு வழி பார்த்துக் கொடுப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

சிகிச்சை நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள முஸ்லிம் குடும்பம் என்றால் ஜகாத் நிதியிலிருந்தும், மாற்று மதத்தவர் என்றால் ஸதகா நிதியிலிருந்தும் டிரஸ்ட் உதவிக்குப் பரிசீலிக்கும். மனுவை டே கேர் நடத்துபவரோ அவர் வீட்டாரோ மூடிய உறையில் செயலாளர் பெயருக்குக் கொடுக்கலாம். மனுவில் "மருத்துவச் செலவு" என்று எழுதினால் போதும். பெயரும் காரணமும் நிர்வாகக் கூட்டத்தில் வாசிக்கப்பட மாட்டாது.